வெனிஸ்குள்ளயே தங்கணுமா, மெஸ்த்ரேல தங்கிட்டு போய்ட்டு வரணுமா?

மடிப்பாக்கம்_சுந்தர்:
வணக்கம் மக்களே. மே கடைசில இத்தாலி போறோம், நான், வீட்ல, ஏழு வயசு பையன், எங்க அம்மா. ரோம், ஃப்ளாரன்ஸ் ரூம் எல்லாம் போட்டாச்சு, வெனிஸ்ல வந்து மாட்டிக்கிட்டு நிக்குது. ஊரோட முக்கிய சதுக்கம் சான் மார்க்கோ பக்கம் ரேட்டை பாத்தா தலை சுத்துது. எல்லாருக்கும் சேத்து ஒரு ராத்திரிக்கு 150 யூரோ, போனா போகுதுன்னு 170, அதுக்கு மேல முடியாது. ஏஜென்ட் தீவுக்கு வெளிய, கரைப் பக்கம் இருக்குற மெஸ்த்ரேல போடுங்கன்றார், மச்சான் அங்க தங்குனா வெனிஸ் போன மாதிரியே இருக்காதுன்றான். அம்மாவுக்கு முட்டி வலி, நாலு படி ஏறுனா உக்காந்துடுவாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேக்பேக்_பாரி:
மெஸ்த்ரே தான் சார், யோசிக்கவே யோசிக்காதீங்க. மெஸ்த்ரே ஸ்டேஷன்ல ஏறுனா பத்து நிமிஷத்துல தீவுல இருக்குற சாந்தா லூசியா ஸ்டேஷன், டிக்கெட் ரெண்டு யூரோக்குள்ள தான், வண்டி வந்துக்கிட்டே இருக்கும். ட்ரெயின் வேணாம்னா டி1 ட்ராம் இருக்கு, ஸ்டேஷன் வாசல்லயே 2ம் நம்பர் பஸ் இருக்கு, ரெண்டுமே தீவு முனைல பஸ் நிக்குற பியாஸ்ஸாலே ரோமால கொண்டு போய் விட்டுடும். ஸ்டேஷனை ஒட்டி கா மர்ச்செல்லோ ரோட்ல புதுசா கட்டுன ஹோட்டல், ஹாஸ்டல் வரிசையா நிக்குது, லிஃப்ட், ஏசி எல்லாம் உண்டு, ஃபேமிலி ரூம் உங்க பட்ஜெட்டுக்குள்ளயே சிக்கும். இன்னொண்ணு, ஸ்டேஷனுக்கு முன்பக்கம் பியாவே ரோட்ல பங்களாதேஷ்காரங்க கடை நிறைய இருக்கு, அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும், அம்மாவுக்கு பீட்சா அலுத்துப்போனா கவலை இல்ல.

லக்கேஜ்_லதா:
பாரி, எந்த த்ரெட்டுக்கு போனாலும் இதையே தான் ஒட்டுறீங்க. பத்து நிமிஷம்ன்றது ட்ரெயின் ஓடுற நேரம் மட்டும் தான். ரூம்ல இருந்து ஸ்டேஷன், பிளாட்ஃபார்ம்ல நிக்குறது, சாந்தா லூசியால இறங்கி வாப்பொரெட்டோன்ற பயணிகள் படகுக்கு க்யூ, அதுல 1ம் நம்பர் படகு கிராண்ட் கனால்ன்ற பெரிய வாய்க்கா முழுக்க ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னு சான் மார்க்கோ போக முக்கால் மணி நேரம். வீட்டு வாசல்ல இருந்து கணக்கு போட்டா ஒரு பக்கத்துக்கே ஒண்ணரை மணி நேரம் கிட்ட போயிடும். மத்தியானம் அந்த அம்மா அசந்துட்டா ரூமுக்கு போய் ஒரு மணி நேரம் படுத்துட்டு வர முடியுமா? முட்டி வலிக்காரங்களுக்கு அது தான் முக்கியம்.

அதோட வெனிஸ்ல பகல் பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ரியால்டோ பாலம் பக்கம் திருவிழா கூட்டம், தோள் இடிக்காம நடக்க முடியாது. ஒரு நாளைக்கு வந்துட்டு போறவங்க கிளம்புனதுக்கு அப்புறம் தான் ஊரு ஊரா இருக்கும். அந்த நேரத்துல நீங்க மெஸ்த்ரே ட்ரெயின்ல உக்காந்திருப்பீங்க.

பேக்பேக்_பாரி:
அக்கா, ராத்திரியும் பஸ் ஓடுது, யாரும் அஞ்சு மணிக்கு துரத்தல. சாப்ட்டு பத்து மணிக்கு கூட திரும்பலாம். அவர் பட்ஜெட்டை மறந்துட்டு பேசாதீங்க. மே கடைசில தீவுக்குள்ள நாலு பேருக்கு ரெண்டு ரூம் 170க்கு எங்க கிடைக்கும், ஒரு இடம் சொல்லுங்க பாப்போம்.

லக்கேஜ்_லதா:
சான் மார்க்கோல கிடைக்காது, ரியால்டோல கிடைக்காது, சரி தான். வெனிஸ்னா அது ரெண்டும் மட்டும் தானா? ஆறு பேட்டை இருக்கு. கன்னரேஜ்ஜோல ஸ்ட்ராதா நோவாவை தாண்டி வடக்கால, மிசெரிகோர்தியா வாய்க்கா பக்கம் பாருங்க. கஸ்தெல்லோவோட கிழக்கு மூலைல சாந்தெலேனான்னு ஒரு இடம், மரம், புல்வெளி, பசங்க பந்து விளையாடிட்டு இருப்பாங்க, டூரிஸ்ட் தலையே தெரியாது, படகு ஸ்டாப்பும் உண்டு. அப்புறம் கன்னியாஸ்திரி மடங்கள், சர்ச் நடத்துற விடுதிங்க, காசா பெர் ஃபெரியேன்னு தேடுங்க. ரூம் சிம்பிளா இருக்கும், பெரும்பாலும் தனித்தனி கட்டில், சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். சில இடத்துல ராத்திரி கேட் பூட்டிடுவாங்க, அதை மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க. இது பாதி புக்கிங் ஆப்ல வரவே வராது, நேரா மெயில் போடணும், ரெண்டு வரி இங்கிலீஷ்ல எழுதுனா போதும், பதில் போடுவாங்க.

கொங்கு_கார்த்தி:
எல்லாரும் ஏங்க ஹோட்டல்லயே நிக்கறீங்க, அபார்ட்மென்ட் எடுங்க சாமி. நாலு பேருக்கு ஒரே வீடு, கிச்சன் இருக்கும், ரசம் வெச்சுக்கலாம், வெளிய ஒரு வேளை சாப்பாடே நாலு பேருக்கு 80 யூரோக்கு கொறையாதுங்க, அந்த மிச்சத்துல ரூம் வாடகை கழிஞ்சிரும்.

நூலகத்து_நிலா:
கார்த்தி, அந்த ஊரு காலியாகுறதே இந்த வீடுகளால தான். 1950கள் ஆரம்பத்துல தீவுல சுமார் 1,75,000 பேர் இருந்தாங்க, 2022ல 50,000க்கு கீழ போயிடுச்சு. ரியால்டோ கிட்ட ஒரு மருந்துக்கடை ஜன்னல்ல இன்னைக்கு எத்தனை பேர் மிச்சம் இருக்காங்கன்னு ஒரு போர்டு ஓடிட்டே இருக்கும், போனா பாருங்க. ஒவ்வொரு வீடா டூரிஸ்ட்டுக்கு மாறுனா பள்ளிக்கூடம், மளிகைக்கடை, டாக்டர் எல்லாம் போயிடும். மடத்துலயோ ஹோட்டல்லயோ தங்குங்க, வீடு வேணாம்னு தான் நான் சொல்வேன்.

கொங்கு_கார்த்தி:
ஏனுங்க, வருஷத்துக்கு கோடிக்கணக்குல ஆளு வர்ற ஊருல நாலு பேரு ஹோட்டல்ல படுத்தா மட்டும் பள்ளிக்கூடம் திரும்ப தொறந்துருமா? அந்த ஹோட்டலும் ஒரு காலத்துல யாரோ குடியிருந்த வீடு தானுங்க. முனிசிபாலிட்டி செய்ய வேண்டிய வேலைய சுந்தர் தலைல கட்டாதீங்க, அந்த மனுஷன் 170 யூரோவ வெச்சுட்டு முழிச்சுட்டு இருக்காரு.

நூலகத்து_நிலா:
தலைல கட்டல, தெரிஞ்சு செய்யட்டும்னு சொல்றேன். அப்படி வீடு தான்னா குறைஞ்சபட்சம் விளம்பரத்துல சின் நம்பர் இருக்கான்னு பாருங்க, இத்தாலில இப்ப வாடகைக்கு விடுற வீட்டுக்கெல்லாம் அந்த தேசிய அடையாள எண் கட்டாயம். இல்லாத வீடுன்னா விட்டுடுங்க.

லக்கேஜ்_லதா:
அபார்ட்மென்ட்ல இன்னொரு வில்லங்கம், அட்ரஸ். வெனிஸ்ல தெருவுக்கு தெரு வீட்டு நம்பர் கிடையாது, பேட்டை முழுசுக்கும் ஒரே வரிசை, கஸ்தெல்லோ நாலாயிரத்து சொச்சம்னு தான் இருக்கும், அடுத்த நம்பர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். எங்களுக்கு ஒரு ஓனர் சான் மார்க்கோல இருந்து அஞ்சு நிமிஷம்னு போட்டிருந்தார், போய் பாத்தா வழில படிக்கட்டு வெச்ச பாலமா வந்துக்கிட்டே இருந்துச்சு, பெட்டியை தூக்கி இறக்கி தூக்கி இறக்கி, கடைசில வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மரப்படி வேற குறுகலா செங்குத்தா. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி: பக்கத்துல இருக்குற படகு ஸ்டாப் பேரு என்ன, அங்கிருந்து வீட்டுக்கு எத்தனை பாலம். ஓனர் மழுப்புனா வேற வீடு பாருங்க.

யாழ்_சூரிச்:
சுந்தர் தம்பி, நாங்கள் சுவிஸில இருந்து பிள்ளையளோட அடிக்கடி போறனாங்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது எண்டா நீங்கள் லிடோவைப் பாருங்கோ. ஒருத்தரும் இன்னும் அதைச் சொல்லேல்லை. நீட்டுத் தீவு, நிலம் சமதரை, காரும் பஸ்ஸும் ஓடுது, படகால இறங்கினா பாலம் ஏறாமலே கன ஹோட்டலுக்குப் போகலாம். சான் மார்க்கோ பக்கம் படகில கால் மணித்தியாலம் அளவில தான். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில ஃபிலிம் ஃபெஸ்டிவல் நேரம் கிட்டவும் போகேலாது, ஆனா மே மாசம் கடல் குளிக்கிற ஆக்கள் இன்னும் வரேல்லை, விலை பரவாயில்லை. காலமை படகில வரேக்க ஊர் முழுக்க தண்ணிக்கு மேல எழும்பி நிக்கிறது தெரியும், மெஸ்த்ரே ரெயிலுக்குள்ள அந்தக் காட்சி இல்லை.

பேக்பேக்_பாரி:
அண்ணா, லிடோ நல்ல இடம் தான், ஆனா படகு காசை சொல்லாம விட்டுட்டீங்களே. ஒரு தடவைக்கு 9.50 யூரோ, 75 நிமிஷம் தான் செல்லும். லிடோல இருந்து நடந்து வர முடியாது, பாஸ் எடுத்தே ஆகணும். 24 மணி நேரத்துக்கு தலைக்கு 25, 48 மணி நேரத்துக்கு 35. ஆறு வயசுக்கு கீழ தான் ஃப்ரீ, அவர் பையனுக்கு ஏழு. நாலு பேருக்கு 140 யூரோ படகுக்கே போகுது. ரூம்ல மிச்சம் பிடிச்சதை தண்ணில விட்ட கதை தான்.

யாழ்_சூரிச்:
தம்பி, முழங்கால் ஏலாத மனிசியை சாந்தா லூசியாவில இருந்து சான் மார்க்கோவுக்கு நடத்திக்கொண்டு போவீங்களோ? மெஸ்த்ரேல நிண்டாலும் அவையள் அந்த பாஸ் எடுக்கத் தான் வேணும். அந்த 140 ரெண்டு பக்கத்துக்கும் பொது. மேலதிகமா ரெயில் காசும் உங்கட பக்கம் தான் வருது.

லக்கேஜ்_லதா:
அப்படி கேளுங்க அண்ணா.

பேக்பேக்_பாரி:
சரி, இவங்க கேஸ்ல பாஸ் பொது தான், ஒத்துக்குறேன். அதுக்காக மெஸ்த்ரே வேஸ்ட்னு ஆகிடாது. காலு நல்லா இருக்குறவன் பாஸே இல்லாம ஊரை சுத்தலாம். அப்புறம் ஒரு நாளைக்கு வெனிஸ் வந்துட்டு போறவங்களுக்கு வெச்ச நுழைவுக் கட்டணம், 2024ல ஆரம்பிச்சது, 2025ல 54 நாள் வெச்சிருந்தாங்க, முன்கூட்டி கட்டுனா 5 யூரோ, கடைசி நேரத்துல 10. மெஸ்த்ரேவும் வெனிஸ் முனிசிபாலிட்டிக்குள்ள தான் வருது, அங்க தங்குனா கட்ட வேணாம், வெப்சைட்ல போய் விலக்கு க்யூஆர் மட்டும் எடுத்து வெச்சுக்கணும். பக்கத்து ஊரு படோவால ரூம் சீப்புன்னு எவனாச்சும் சொன்னா அங்க தங்குறவங்களுக்கு இந்த விலக்கு கிடையாதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. 14 வயசுக்கு கீழ பசங்களுக்கு எப்படியும் கட்டணம் கிடையாது.

நூலகத்து_நிலா:
ஹோட்டல்ல தலைக்கு இவ்வளவுன்னு ராத்திரி வரி தனியா கேப்பாங்க, அதையும் பட்ஜெட்ல சேத்துக்கோங்க, தீவை விட மெஸ்த்ரேல கம்மி, பத்து வயசுக்கு கீழ இல்ல. தேதியையும் ஒரு தடவை பாருங்க சுந்தர். ஜூன் 2 அங்க குடியரசு நாள் லீவு, அதை ஒட்டி வார இறுதி வந்தா எல்லா இடத்துலயும் ரேட் ஏறும். மே கடைசி, ஜூன் முதல்ல வோகலொங்கான்னு துடுப்புப் படகு திருவிழா ஒரு ஞாயித்துக்கிழமை வரும், அன்னைக்கு கிராண்ட் கனால்ல வாப்பொரெட்டோவை சில மணி நேரம் நிறுத்திடுவாங்க. பெட்டியோட அன்னைக்கு போய் இறங்காதீங்க.

மடிப்பாக்கம்_சுந்தர்:
எல்லாருக்கும் நன்றிங்க. லிடோல படகு ஸ்டாப்ல இருந்து நடக்குற தூரத்துல ஒரு ஃபேமிலி ரூம் 165க்கு கிடைச்சுது, கேன்சலேஷன் ஃப்ரீ, போட்டுட்டேன். கன்னரேஜ்ஜோல ஒரு மடத்துக்கும் மெயில் போட்டிருக்கேன், லதா மேடம் சொன்ன மாதிரி எத்தனை பாலம்னு கேட்டு. அப்படியே மெஸ்த்ரேல 118க்கு ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன், பாரி திட்டக்கூடாதுன்னு.

பேக்பேக்_பாரி:
திட்டல சார். மூணுலயும் கேன்சல் பண்ண கடைசி தேதியை மட்டும் காலண்டர்ல போட்டு வைங்க.

கொங்கு_கார்த்தி:
ரசம் போச்சுங்க.