நீலக் கட்டத்தில் யார் கார்?

குழு: ஆச்சி வீட்டுக் கூட்டம், மதுரை
ஞாயிறு

சித்தப்பா, காலை 8.40: (படம்)

சித்தப்பா: நேற்று பைபாஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். வாசலை ஒட்டியே மாற்றுத்திறனாளிகள் வண்டி விட இடம் ஒதுக்கி, நீலப் பெயின்ட் அடித்து சக்கர நாற்காலி படம் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லையே என்று கிட்டே போனால் படத்தில் பாதி ஒரு வெள்ளைக் காருக்கு அடியில் கிடக்கிறது. மிச்ச இடத்தில் நாலு பைக், ஒரு மணல் வாளி, வாட்ச்மேனுடைய பிளாஸ்டிக் நாற்காலி.

அம்மா: அப்புறம் என்ன செய்தீர்கள் தம்பி?

சித்தப்பா: வாட்ச்மேனிடம் சொன்னேன் அண்ணி. "முதலாளிக்குத் தெரிஞ்சவர் வண்டி சார், அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவாரு, நீங்க பேஸ்மென்ட்ல போட்டுட்டு வாங்க" என்றார். சைடு வீல் வண்டியை அந்தச் சரிவில் இறக்கினால் வளைவில் ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அது அவருக்கு எப்படித் தெரியும். இறக்கினாலும் லிஃப்ட் தரைத்தளத்தோடு சரி, காலைத் தாங்கும் கேலிப்பரைப் போட்டுக்கொண்டு படி ஏற வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்துக் கார்க்காரர் வந்தார், ரெண்டு கையிலும் கட்டைப்பை. "சாரி சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்களா" என்று சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு அதற்குமேல் உள்ளே போகத் தோன்றவில்லை.

மாமா: போலீசுக்கு ஒரு போன் போட வேண்டியதுதானே மாப்பிள்ளை?

சித்தப்பா: போட்டேன் மச்சான். காம்பவுண்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டார்கள். உள்ளே என்றதும், அது அவங்க சொந்த இடம், அவங்ககிட்டயே பேசிக்குங்க என்று வைத்துவிட்டார்கள்.

அக்கா: சொந்த இடமாவது ஒண்ணாவது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்றால் என்னவென்று தெளிவாக எழுதியிருக்கிறது சித்தப்பா, அரசுக் கட்டடமோ தனியார் கட்டடமோ, பொதுமக்கள் வந்துபோனால் அது பொதுக் கட்டடம்தான். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாமே அதில் வரும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50,000-ல் ஆரம்பித்து 5 லட்சம் வரை போகும்.

தம்பி: கார்க்காரருக்கா 5 லட்சம்? 😳

அக்கா: இல்லைடா, அது இடத்தை ஒழுங்காக வைக்காத கட்டடக்காரருக்குப் போக வேண்டியது. கார்க்காரர் மேல் போலீஸ் கேஸ் போட்டால் நோ பார்க்கிங் மாதிரி 500 ரூபாயோடு போய்விடும். அதனால்தான் நான் எப்போதும் கட்டடத்தைப் பிடி என்கிறேன்.

அண்ணன்: நான் பிளான் போடுகிறவன், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். சாதாரணக் கார் இடம் 2.5 மீட்டர் அகலம், இது 3.6 மீட்டர். அந்தக் கூடுதல் 1.1 மீட்டர் சலுகை இல்லை, கதவை முழுசாகத் திறந்து பக்கத்தில் சக்கர நாற்காலியைப் போட்டு அதில் மாறி உட்கார வேண்டுமே, அதற்கு. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. வரைபடத்தில் எல்லாம் அழகாக இருக்கும். அப்ரூவல் கையில் வந்த மறுவாரமே அந்த இடத்தில் ஜெனரேட்டர் உட்காரும், இல்லையென்றால் இளநீர் கடை. சில பேர் பெயின்ட்கூட அடிப்பதில்லை, ஆய்வுக்கு ஆள் வருகிற அன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

அத்தை: எல்லாரும் நல்லா பேசுறீங்க. உங்க மாமா போன மாசம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது வண்டியை எங்கே விட்டார் என்று கேளுங்கள்.

மாமா: மழை பெய்தது. இடம் காலியாகத்தானே இருந்தது.

சித்தப்பா: காலியாக இருந்தால்தானே மச்சான் நான் வரும்போது விட முடியும்?

மாமா: 🙏

நான்: மாமா டைப் செய்கிறார், அழிக்கிறார், டைப் செய்கிறார், அழிக்கிறார்...

மாமா: சரி, தப்புதான். பத்து நிமிஷம்தான் என்று நினைத்தேன். அந்தக் கார்க்காரரும் அஞ்சு நிமிஷம் என்றுதான் சொல்லியிருப்பார்.

தம்பி: ஆனால் ஒரு சந்தேகம். கண்ணாடியில் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் விடலாமே? ஆன்லைனிலேயே கிடைக்கிறது.

அக்கா: ஸ்டிக்கர் ஒரு கணக்கா. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டை இருக்கிறது, 2020-க்குப் பிறகு ஆர்.சி. புத்தகத்திலேயே உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று பதியும் வசதியும் வந்துவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை. இன்னொன்று, ஆள் நன்றாக நடக்கிறாரே என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதே, 21 வகைக் குறைபாடுகளை இந்தச் சட்டம் ஏற்கிறது, எல்லாம் வெளியே தெரியாது.

சித்தப்பா: நேற்று வந்தவர் முதலாளிக்குத் தெரிஞ்சவர், அது ஒன்றுதான் அவர் தகுதி 😀

அக்கா: நாளைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் இருக்கும். நான் மனு எழுதித் தருகிறேன். உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில், மாற்றுத்திறனாளிகள் சிரமமில்லாமல் வந்துபோவதற்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கு என்று மத்திய அரசுக்குச் சொன்னதையும் ஒரு வரி சேர்க்கிறேன். அசைந்து கொடுக்கவில்லையென்றால் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம், விசாரணைக்கு ஆளைக் கூப்பிட அவருக்கு சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் இருக்கிறது.

அண்ணன்: கார் நம்பரைவிட அந்த வாளியும் பைக்கும் தெரிகிற படம் முக்கியம். நீளவாக்கில் ஒன்று, வாசல் தெரிகிற மாதிரி ஒன்று. தேதி, நேரம் போடுங்கள்.

நான்: சித்தப்பா அனுப்பிய படத்தில் பாதி அவர் கட்டைவிரல்தான் தெரிகிறது.

சித்தப்பா: ஒரு கையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நீ எடுத்துக்காட்டு பார்ப்போம்.

மாமா: நான் சாயங்காலம் போய்ப் படம் எடுத்து வருகிறேன். நாளைக்குக் காரையும் எடுக்கிறேன் மாப்பிள்ளை, சேர்ந்தே போவோம்.

அத்தை: கலெக்டர் ஆபீசில் எங்கே விடுவீர்கள்?

மாமா: வெளியே ரோட்டில் எங்காவது விட்டுவிட்டு நடந்து வருகிறேன், போதுமா?

அத்தை: தம்பி, அப்போ நேற்று அந்தக் கடைக்குப் போயும் காதுகுத்துக்குச் சட்டை எடுக்கவே இல்லையாடா நீ?