பட்டறை சீலிங்ல ஏர் கிளீனர் மாட்டினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோவை, மரப்பட்டறை:

இப்ப மரப்பட்டறை வெச்சிருக்கற நிறைய பேரு காத்துல பறக்கற தூசியை உறிஞ்சி ஃபில்டர்ல பிடிக்கற, மேல தொங்கவிடற ஏர் கிளீனர் வாங்கறாங்க, நல்ல விஷயந்தானுங்க, ஆனா அதை எங்க மாட்டறது எப்படி மாட்டறதுன்னு சொல்லித்தர ஆளில்லை, ஆன்லைன்ல வாங்கினா பெட்டிக்குள்ள நாலு கொக்கியும் ஒரு பேப்பரும் வருது அவ்ளோதான். என் பட்டறையில மாட்டுன விதத்தை நான் முதல்ல சொல்லிடறேன், மாட்டினவங்க நீங்களும் போடுங்க.

இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரம்பத்துல அறுக்கறப்ப வர்ற தூள் கீழ விழுந்துடும், கூட்டி அள்ளிடலாம். சாண்டிங் போடறப்ப பறக்கற நைஸ் தூசி அப்படி விழறதில்லை, மெஷின் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்து பாருங்க, ஜன்னல் வெயில்ல அது பாட்டுக்கு ஆடிட்டே இருக்கும், அதுதான் நுரையீரல் வரைக்கும் போறது. மரத்தூசி மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995லயே முதல் பிரிவுல சேத்துட்டாங்க, மூக்குலயும் மூக்கை ஒட்டின சைனஸ்லயும் வர்றது. ஈட்டி, தேக்கு தூசிக்கு தோல் அரிக்கற ஆளுங்களை நாமளே பாத்திருக்கோம். எம்டிஎஃப்ல, அதான் மரநாரைப் பசை போட்டு அழுத்தின பலகையில, பசை வேற சேந்து வருது. நம்மகிட்ட வேலை பாக்கற பசங்க நாள் முழுக்க அதையேதான் மூச்சுல இழுக்கறாங்க, அதனால இதுக்குச் செலவு பண்றதுல யோசிக்காதீங்க.

முதல்ல சைஸ். பட்டறை நீளம் அகலம் உயரம் மூணையும் அடியில பெருக்குங்க, மணிக்கு எத்தனை தடவை காத்து மாறணுமோ அதால பெருக்கி 60ஆல வகுங்க. என்னது 30 அடிக்கு 20, உயரம் 12, அப்ப 7200 கன அடி, மணிக்கு 8 தடவைன்னா 960 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 960 கன அடி காத்து வருது. பெட்டியில போட்டிருக்கற நம்பர் ஃபில்டர் புதுசா இருக்கறப்ப வர்றது, தூசி ஏற ஏறக் குறையும், அதனால ஒரு சைஸ் மேலயே வாங்கினேன்.

இடம் பாக்கறதுதாங்க முக்கால்வாசி வேலை. நிறைய பேரு நடு சென்டர்ல ஃபேன் மாதிரி மாட்டிடறாங்க, அப்படி வேண்டாம். நீளமான சுவருக்கு இணையா, சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்க. வெளிய தள்ளற காத்து அந்தச் சுவரோரமா போய், மூலையில திரும்பி, எதிர்ச் சுவரோரமா வந்து திரும்ப உறிஞ்சற வாய்க்கே வந்து சேரணும், செக்குமாடு சுத்தற மாதிரி. அந்தச் சுத்துல தூசி எங்க கிளம்பினாலும் ஒரு ரவுண்டுல மாட்டிக்கும். வாய் மூலையில முட்டிட்டு இருந்தா சுத்தின காத்தையே திரும்பத் திரும்பச் சுத்தும், பட்டறையோட மறுகோடி அப்படியே கிடக்கும்.

சாண்டிங் டேபிளுக்கு நேர் மேல மட்டும் மாட்டவே மாட்டாதீங்க. பக்கத்துல இருந்தா சீக்கிரம் உறிஞ்சும்னு தோணும், ஆனா கீழ இருந்து மேல இழுக்கறப்ப தூசி குனிஞ்சு வேலை செய்யற ஆளோட மூஞ்சி வழியாத்தான் மேல போகும். தூசி கிளம்பற இடத்துக்கும் உறிஞ்சற வாய்க்கும் நடுவுல மனுஷன் மூக்கு வரக்கூடாது, இந்த ஒண்ணை மனசுல வெச்சுட்டு இடம் பாத்தீங்கன்னா பெருசா தப்பாகாது.

நான் மாட்டறதுக்கு முன்னாடி பட்டறையை நல்லா கூட்டி, தூளை எல்லாம் வெளிய அள்ளிப் போட்டுட்டு, மெஷினைத் தற்காலிகமா உயரமான ஸ்டேண்டு மேல வெச்சு ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கையில பிடிச்சுட்டு மூலை மூலையா நின்னு பாத்தேன். புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு தெளிவா தெரியுதுங்க. பின்பக்கம் பலகை அடுக்கியிருக்கற மூலையில புகை நேரா மேல போச்சு, அங்க காத்தே போகலைன்னு அர்த்தம், மெஷினை ஒரு மூணடி நகத்தினதும் புகை சாய ஆரம்பிச்சுது. சீலிங் ஃபேன் ஓடறப்பவும் ஒருக்கா பாருங்க, ஃபேன் காத்து இந்தச் சுத்தைக் கலைச்சுடுது, தரையில படிஞ்சதையும் கிளப்பிவிடுது. நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேன் இல்லாம முடியாது, அதனால சாண்டிங் நேரத்துல மட்டும் நடு ஃபேனை நிறுத்திட்டு சைடுல சுவர் ஃபேன் போட்டுக்கறோம்.

மாட்டற வேலையை எலக்ட்ரீஷியன் யாராவது விவரமா சொல்லுங்க, என்னைவிட அவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.

திருப்பூர், எலக்ட்ரிக்கல் மற்றும் ஃபிட்டிங் வேலை:

அண்ணா இடத்தைப் பத்தி சொன்னது கரெக்டுங்க, நான் மாட்டறதைப் பத்திச் சொல்றேன். பட்டறைக்கு வர்ற மெஷின் பெரும்பாலும் 15ல இருந்து 30 கிலோ வரைக்கும் இருக்கு, சீலிங் ஃபேனை விட பல மடங்கு வெயிட்டு, அதுவும் ஆள் தலைக்கு மேல வருஷக்கணக்கா அதிர்ந்துட்டே இருக்கப் போறது. ஒரு பர்னிச்சர் கடை பட்டறையில போய்ப் பாத்தேன், வேற யாரோ மாட்டினது, பிளாஸ்டிக் பிளக் அடிச்சு மர ஸ்குரூ முடுக்கியிருக்காங்க, அதுவும் பூச்சுல மட்டும். அதிர்வுல ஒரு ஸ்குரூ கொஞ்சங்கொஞ்சமா இறங்கி ஒரு மூலை தொங்கிட்டு இருந்துச்சு, கீழ ஒரு பையன் நின்னு பலகை தேய்ச்சுட்டு இருக்கான். உடனே ஆஃப் பண்ணி இறக்கச் சொல்லிட்டேன். மீதி மூணுல ஒண்ணு என் கையில சுத்தினாலே வந்துடுச்சுங்க.

ஆர்சிசி கூரைன்னா முடுக்க முடுக்க ஓட்டைக்குள்ள விரிஞ்சு பிடிக்கற இரும்பு ஆங்கர் பாஸ்டனர்தான், எம்8 (8 மிமீ போல்ட்டு) போதும், அதுக்குன்னு சொல்லியிருக்கற சைஸ் பிட்டு போட்டு ஹேமர் டிரில்லுல ஓட்டை. பூச்சு தாண்டி காங்கிரீட்டுக்குள்ள முழு ஆழம் போகணும், பூச்சு கனத்தைக் கணக்குல சேக்காதீங்க. ஓட்டைக்குள்ள இருக்கற பவுடரை ஊதி எடுக்காம பாஸ்டனர் போட்டா பிடிமானம் பாதிதான், இதை அவசரத்துல நிறைய பேர் விட்டுடறாங்க. கம்பி தட்டுச்சுன்னா அதையே குடையாதீங்க, தள்ளிப் போடுங்க. ஸ்விட்ச்போர்டுல இருந்து ஃபேன் பாக்ஸுக்குப் போற பைப்பு ஸ்லாபுக்குள்ளதான் ஓடுது, அந்த லைன்ல டிரில் போட்டா வயர்ல இறங்கிடும், மெயினை ஆஃப் பண்ணிட்டு பேட்டரி டிரில்ல பண்றது நல்லது. கண்ணாடி கட்டாயம், மேல பாத்து டிரில் போடறப்ப அத்தனையும் கண்ணுலதான் விழும்.

கொக்கி வாய் திறந்தது வேண்டாம், மூடின ஐ-போல்ட்டு போடுங்க. சங்கிலியை மாட்ட திருகி மூடற கொளுத்து கிடைக்கும், அதை வாங்கிக்கோங்க. நட்டு நைலான் வெச்ச லாக் நட்டா இருக்கட்டும். நாலு சங்கிலி போக ஒரு ஸ்டீல் ரோப்பை மெஷின் பாடியில கட்டி, தனியா இன்னொரு பாஸ்டனர்ல மாட்டிடுவேன், சங்கிலி எது போனாலும் அது பிடிச்சுக்கும். பழைய ஃபேன் கொக்கியில மாட்டச் சொல்லி கேப்பாங்க, நான் ஒத்துக்கறதில்லை, உள்ள எவ்ளோ துருப்பிடிச்சிருக்குன்னு வெளிய தெரியாது. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் ஃபிரேம்ல மாட்டறது கனவுலகூட வேண்டாம், ஸ்லாபுல இருந்து ராடு இறக்கித்தான் மாட்டணும்.

கரண்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிடாதீங்க. மேலயே ஒரு மூணு பின் சாக்கெட், எர்த்தோட, கீழ கைக்கெட்டற இடத்துல சுவிட்ச். தூக்கறதுக்கு ரெண்டு பேர் கட்டாயம், ஏணி மேல நின்னு ஒருத்தரே தோள்ல வெச்சு மாட்டறது ஆபத்து, சாரம் கட்டி மெஷினை அது மேல வெச்சுட்டு நிதானமா மாட்டுங்க.

ஸ்கார்பரோ, கனடா, வீட்டு கராஜ்:

வணக்கம் அண்ணையவை. நான் இஞ்ச கராஜுக்குள்ள வைச்சு மரவேலை செய்யிறன், பனிக்காலத்தில கராஜ் கதவைத் திறந்து விட்டு அரத்தாள் போட ஏலாது, அதால இது இல்லாட்டி வேலையே இல்லை. இஞ்சத்தைய முறை வேற. முகட்டில காங்கிரீட் இல்லை, ஜிப்சம் பலகைக்குப் பின்னால மரச்சட்டம் தான் ஓடுது, சில வீட்டில 16 இஞ்சிக்கு ஒண்டு, சில வீட்டில 24 இஞ்சிக்கு ஒண்டு. பலகைக்குப் பின்னால சட்டம் எங்க எண்டு காட்டுற ஸ்டட் ஃபைன்டரால தேடி, மெல்லிய ஆணி அடிச்சு மரம் தட்டுதோ எண்டு உறுதிப்படுத்திப் போட்டுத்தான் கண் வைச்ச பெரிய ஸ்குரூவை இறக்கோணும், அதுக்கும் முதல் சின்னத் துளை போடாட்டி சட்டம் வெடிச்சுப் போகும். சட்டம் வாற இடமும் மெஷின் கண்ணுகளும் ஒத்து வராட்டி ரெண்டு சட்டத்துக்குக் குறுக்கால ஒரு தடிச்ச பலகையை முடுக்கிப் போட்டு அதில கொழுவலாம், நான் அப்பிடித்தான் செய்தனான்.

உயரம் தான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை. நிலத்தில இருந்து 7 அடிக்கு மேல இருக்கோணும் எண்டு மெஷினோட வாற புத்தகத்தில போட்டிருக்கு, முகடே 8 அடி, பெட்டி ஒரு அடி, பிறகு சங்கிலிக்கு இடம் எங்க? ஆக்கள் நடக்கிற பாதையில கொழுவாமல் மர ராக்கைக்கு மேல கொழுவினன், அதுக்குக் கீழ ஒருத்தரும் போறதில்லை. 8 அடி பிளைவுட்டை நிமித்திப் பிடிச்சுத் திருப்பேக்க எங்க இடிக்கும் எண்டும் முதலே பாத்து வையுங்கோ. கராஜ் கதவு மேல சுருண்டு வாற தண்டவாளத்தையும் பாக்கோணும், கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு அளவெடுக்கிறது தான் சரி.

மதுரை, பர்னிச்சர் பாலிஷ் வேலை:

அண்ணே, எல்லாரும் அறுக்குற தேய்க்கிற பக்கமே பேசுறீங்க, பாலிஷ் பக்கத்தையும் சொல்லிடுறேன். தின்னர் கலந்து ஸ்பிரே அடிக்கையில இந்த மெஷினை ஓட விடவே கூடாது. நாத்தத்தை இழுத்துக்கும்னு நெனச்சு நெறைய பேரு ஆன் பண்ணுறாங்க, அது தூசிக்கான ஃபில்டர், தின்னர் ஆவி அப்பிடியே உள்ள போயி வெளிய வந்துரும், உள்ள மோட்டார்ல ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. மெலமைன் அடிக்கிற ரூமை எங்க பட்டறையில தனியா தடுத்து வெளிய தள்ளுற எக்ஸாஸ்ட் போட்டுருக்கோம், ஏர் கிளீனர் அந்தப் பக்கமே இல்ல.

அப்புறம் எங்களது சிமெண்டு சீட்டு போட்ட செட்டு, கீழ கூரையத் தாங்குற இரும்பு ஆங்கிள் டிரஸ். பழைய சீட்டுல கல்நார் இருக்கும், அதுல ஓட்டை போட்டா அந்தத் தூசி மரத்தூசியவிட மோசம், சீட்டைத் தொடவே விடல. வெல்டிங் ஆளு வந்து கொக்கிய டிரஸ்லயே பத்த வச்சுத் தாரேன்னாரு, டிரஸ் மேலயெல்லாம் பொடித் தூசி விரல் கனத்துக்குப் படிஞ்சு கெடக்கு, அதுல வெல்டிங் பொறி விழுந்தா என்ன ஆகும்? வேணாம்னுட்டு, ஆங்கிளைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்பு செஞ்சு போல்ட்டு போட்டு முடுக்கச் சொன்னோம், அதுவும் மெலிசான குறுக்குக் கம்பியில இல்லாம டிரஸோட முட்டுக்குப் பக்கத்துல.

கோவை, மரப்பட்டறை:

அக்கா சொன்ன தின்னர் விஷயத்தை எல்லாரும் தயவுசெஞ்சு கவனிங்க, நான் அதை முதல்லயே எழுதியிருக்கணும்னு தோணுது, அவ்ளோ முக்கியம்.

ஃபில்டர் பத்தி ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க. வெளி ஃபில்டர் 5 மைக்ரான், உள்ளது 1 மைக்ரான், பெரும்பாலான மெஷின்ல இதுதான். வெளியதை வாக்குவம் போட்டு எடுத்துத் திரும்பப் போடலாம், உள்ளது அடைச்சுட்டா மாத்தித்தான் ஆகணும். கம்ப்ரஸர்ல ஊதறதா இருந்தா பட்டறைக்கு வெளிய, மாஸ்க் போட்டுட்டு ஊதுங்க, உள்ள ஊதினா பிடிச்சதெல்லாம் திரும்பக் காத்துல. ஃபில்டர் எந்தப் பக்கமா இழுக்கணும்னு பாத்துட்டு அந்தப் பக்கம் ஒரு ஃபில்டர் நீளத்துக்கு இடம் விட்டு மாட்டுங்க, சுவரோட ஒட்டிட்டா ஒவ்வொரு தடவையும் மெஷினையே இறக்கணும், அப்புறம் யாரும் சுத்தமே பண்ண மாட்டாங்க.

மெஷின் வந்துடுச்சுன்னு மாஸ்க்கைக் கழட்டிடறாங்க பசங்க, அது கூடாது. ரம்பத்துலயும் சாண்டர்லயும் டஸ்ட் கலெக்டர் குழாய் இருக்கணும், மூக்குல என்95 இருக்கணும், அதுக்கும் தப்பினதைத்தான் இது பிடிக்கும். வேலை முடிஞ்சு போறப்ப டைமர் வெச்சு ரெண்டு மணி நேரம் ஓடவிட்டுட்டுப் போங்க. மாட்டின புதுசுல நட்டு, கொளுத்து எல்லாத்தையும் ஒருக்கா முடுக்கிப் பாத்துருங்க, அப்புறம் ஃபில்டர் கழட்டற ஒவ்வொரு தடவையும் பாத்தா போதும். தகர ஷெட்டுல மாட்டினவங்க, வாடகைக் கட்டடத்துல ஓனர் டிரில் போட விடாம சமாளிச்சவங்க இருந்தா எழுதுங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க.