‘வாட்டர்’ என்பதன் கடைசி ரகரத்தை விழுங்கத்தான் வேண்டுமா?

பாலக்கோட்டு அப்பா:
என் மகள் தர்மபுரியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நேர்காணலுக்கு உதவும் என்று ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மையத்தில் சேர்த்தேன். மூன்று வாரமாக ஒரே பாடம்: ரகரத்தை விழுங்குவது. ‘வாட்டர்’ என்றால் ‘வாட்ட’, ‘கார்’ என்றால் ‘கா’. நேற்று இரவு கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தவள், “எனக்கு ஆங்கிலமே வராதுப்பா” என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். பத்தாம் வகுப்பிலிருந்து ஆங்கில நாளிதழ் படிக்கிற பெண்! மனம் பொறுக்கவில்லை. இந்தப் பயிற்சி தேவைதானா?

ஓசூர் ஏற்றுமதிக்காரன்:
தேவைதான் அண்ணா. கிருஷ்ணகிரி மாம்பழக் கூழை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலை எனக்கு. சேர்ந்த புதிதில் லண்டன்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் ‘தர்ட்டீன்’ டிரம் என்றேன். அவர் காதில் ‘தர்ட்டி’ என்று விழுந்தது. ஒரு டிரம் 215 கிலோ. வித்தியாசம் மூன்றரை டன்னுக்கு மேல். மின்னஞ்சலில் எண்ணைப் பார்த்ததால் தப்பித்தேன். யாரிடம் வியாபாரம் செய்கிறோமோ அவர் பேச்சைப் பழகுவதில் மானக்குறைவு ஒன்றும் இல்லை.

பென்னாகரம் ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, உங்களைத் தடுமாற வைத்தது ரகரம் அல்ல, அழுத்தம். ‘தர்ட்டீன்’ என்பதில் பின் அசையை அழுத்தி நீட்ட வேண்டும். ‘தர்ட்டி’யில் முன் அசை ஓங்கும், பின்னது குறுகும். நாம் இரண்டையும் ஒரே கனத்தில் சொல்லி, கடைசி னகரத்தையும் கரைத்துவிடுகிறோம். ‘போட்டோகிராப்’ என்பதில் முதல் அசை ஓங்குகிறது. ‘போட்டோகிராபர்’ என்றதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி, முதல் ‘போ’ மங்கிவிடுகிறது. தமிழில் குறில் நெடில்தான் கணக்கு, இந்தத் தாவல் கிடையாது. முப்பது ஆண்டு வகுப்பில் நான் போராடியது இதனோடுதான்.

ரகரத்துக்கு வருகிறேன். அதை விழுங்குவது லண்டனும் இங்கிலாந்தின் பெரும்பகுதியும். ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் அமெரிக்காவின் பெரும்பகுதியும் அதை நன்றாகவே ஒலிக்கின்றன. 1792இல் நம் பாராமகால் (இந்தத் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது இங்கே வரி வசூலைச் சீர்படுத்த வந்த கம்பெனி அதிகாரி ரீடின் உதவியாளர் தாமஸ் மன்றோ பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அந்த ஊரில் இன்றும் ‘கார்’ கார்தான்! நம் நாக்குக்கும் சட்டம் உண்டு: ர, ல முதலெழுத்தாக வராது என்பதால் இராமன், இலண்டன் என்று எழுதினோம். ‘இஸ்கூல்’ என்று சொல்லும் பிள்ளையும் முதலில் ஒற்று வராத அந்த மரபில்தான் நிற்கிறது. திருத்துங்கள், அவமானப்படுத்தாதீர்கள்.

ஓசூர் ஏற்றுமதிக்காரன்:
அம்மா, அழுத்தம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் ரகரத்தை உருட்டினால் வட்டார வழக்கு, நாம் உருட்டினால் பிழை என்பதுதான் நேர்காணல் அறையின் நடைமுறை. அது நியாயமில்லை. அதற்காக அந்தப் பெண் வேலையை இழக்க வேண்டுமா? சொற்களிலும் இதே கதைதான். ‘பாஸ் அவுட்’ என்றால் நமக்குப் படிப்பை முடிப்பது, அவர்களுக்கு மயங்கி விழுவது. ‘2019இல் பாஸ் அவுட் ஆனேன்’ என்று நான் சொன்னபோது எதிரே இருந்தவர் உடல்நலம் விசாரித்தார்.

காவேரிப்பட்டினத்துச் செவிலி:
நான் வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஊரில் ‘பஸ்’ என்று படித்துவிட்டு வந்தேன். இங்கே முதியவர்கள் ‘புஸ்’ என்கிறார்கள். ‘பாத்’ என்பதை நீட்டப் பழகியிருந்தேன். இவர்கள் குறிலாக முடிக்கிறார்கள். மையத்தில் கற்றுத் தரும் லண்டன் பேச்சை அப்படியே என் வார்டில் இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை.

ஆனால் ஐயா, ரகரத்தை விட்டுவிட்டு வகரத்தைப் பிடியுங்கள். தமிழில் ஒரே ‘வ’, ஆங்கிலத்தில் இரண்டு. பனியனை இங்கே ‘வெஸ்ட்’ என்பார்கள். மார்பைச் சோதிக்க, அதைக் கழற்றச் சொன்னேன். பெரியவர் விழித்தார், என் வகரம் அவருக்கு மேற்குத் திசையாகக் கேட்டிருக்கிறது. மேல் பல் கீழுதட்டைத் தொட்டால் பனியன், உதட்டைக் குவித்தால் மேற்கு. ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

பாலக்கோட்டு அப்பா:
மூவருக்கும் நன்றி. இன்று மாலை மகளோடு உட்கார்ந்து பதின்மூன்று–முப்பது, பதினான்கு–நாற்பது என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணை எழுத வேண்டும். முதல் சுற்றில் பத்துக்கு நான்கு தவறு, மூன்றாவது சுற்றில் ஒன்று. பிறகு அவளே கண்ணாடியை எடுத்துவந்து பல்லும் உதடும் பார்த்து ‘வெஸ்ட்’ சொன்னாள். நாளை மையத்துக்குப் போய் மீதிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறேன்.

ஓசூர் ஏற்றுமதிக்காரன்:
திருப்பிக் கேட்காதீர்கள் அண்ணா. கட்டிய பணத்துக்கு இந்த அழுத்தத்தைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் பிறகு பார்க்கலாம்.