வெக்டர், ராஸ்டர், அப்புறம் ‘மிதக்கும்’ உரிமம்

வணக்கம்.

அலுவலகத்தில் 12 கணினிகள், எல்லாம் ஒரே வலையமைப்பில். படம் வரைய எந்த மென்பொருளைப் போடலாம் என்று தமிழில் ஓர் ஒப்பீட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்க்ஸ்கேப்பா கோரல்டிராவா என்பதில்கூட அவ்வளவு குழப்பம் இல்லை, இரண்டு சொற்களில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது வெக்டர். ‘திசையன் வரைகலை’ என்கிறார்கள். இயற்பியலில் படித்த சொல்தான், சரி. விசைக்குத் திசை உண்டு; ஒரு லோகோவில் இருக்கிற வட்டத்துக்கு என்ன திசை? இலங்கைப் பாடநூல்களில் இதுவே ‘காவி’. நோயைக் காவிச் செல்லும் கொசுவுக்கும் அங்கே அதே சொல், அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் ‘காவி வரைகலை’ என்று எழுதினால் மேலாளர் மென்பொருளை விட்டுவிட்டு அரசியல் பேச ஆரம்பித்துவிடுவார்.

கணிதத்தை விட்டுவிட்டுக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போமே. வெக்டர் படங்களைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்தால் வட்டம், அதன் மையம், ஆரம், நிறம் என்று எழுத்தாகவே இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கணினி அதைப் படித்துப் புதிதாக வரைந்துகொள்ளும். ஒளிப்படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளில் இருக்கிற படம் அப்படியில்லை, அது எண்ணி வைத்த புள்ளிகள்; அதுதான் ராஸ்டர். போன மாதம் ஒரு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் லோகோ அனுப்பி 8 அடி அகலப் பேனர் கேட்டார். படத்தின் அகலமே 300 புள்ளிதான். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு மூன்று புள்ளி! விளிம்பெல்லாம் படிக்கட்டு.

அதனால் ராஸ்டருக்குப் ‘புள்ளிப்படம்’, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு ஜோடியாகக் ‘கோட்டுப்படம்’ என்றால் கோலம் மாதிரி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோடே இல்லாமல் வண்ணம் மட்டும் நிரப்பிய படங்களை என்ன செய்வது? என் தேர்வு ‘வடிவப்படம்’. ஃபார்மட்டையும் வடிவம் என்றுதானே சொல்கிறோம் என்று யாராவது கேட்பீர்கள். அதைக் ‘கோப்பு வகை’ என்று எழுதிவிட்டால் மோதல் தீர்ந்தது. இன்னொரு லாபமும் உண்டு. அச்சகத்தில் “கர்வ் போட்டு அனுப்புங்க” என்பார்கள். நம் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு அடுத்த கணினியில் இல்லையென்றால் எல்லாம் கொசகொசவென்று ஆகிவிடும், அதனால் எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றி அனுப்புவது. பொது அடைவில் (ஃபோல்டரில்) கோப்பு வைத்து ஆளாளுக்குத் திறக்கிற எங்கள் அலுவலகத்தில் இது தினசரி வேலை. அந்தப் பொத்தானுக்கு ‘எழுத்தை வடிவமாக்கு’ என்று பெயர் வைத்தால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘எழுத்தைத் திசையனாக்கு’ என்றால் நானே தயங்குவேன்.

இரண்டாவது உரிமம். இங்க்ஸ்கேப் இலவசம், 12 கணினிகளிலும் போட்டுக்கொள்ளலாம், அந்தப் பேச்சே இல்லை. காசு கொடுத்து வாங்கும் சில மென்பொருள்களில் நான்கு உரிமம் வாங்கிச் சர்வரில் வைத்துவிட்டு எல்லாக் கணினியிலும் நிறுவலாம், ஒரே நேரத்தில் நான்கு பேர்தான் திறக்கமுடியும், ஐந்தாமவர் யாராவது மூடும்வரை காத்திருக்கவேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃப்ளோட்டிங் லைசென்ஸ்’ எனும் இதை ‘மிதக்கும் உரிமம்’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்தேன். எதில் மிதக்கிறது?

‘பொது உரிமம்’ என்று போடவும் முடியாது, இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் உரிமமான ஜிபிஎல்லுக்கு அது போய்விட்டது. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவார்களே, முறைப்பாசனம், அதேதான் இது. ‘முறை உரிமம்’ என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்திலும் மென்பொருளைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு, மடையை அடைக்காமல் போன ஆள் மாதிரி. ஒரே ஒரு உறுத்தல்: புதிதாகப் படிப்பவர் அதை ‘முறையான உரிமம்’ என்று எடுத்துக்கொண்டு, அப்படியானால் மற்றதெல்லாம் திருட்டுப் பிரதியா என்று கேட்டுவிடுவாரோ? ‘முறைப்பங்கு உரிமம்’ என்று நீட்டினால் சரியாகுமா? வெள்ளிக்கிழமை குறிப்பைக் கொடுக்கவேண்டும், அதற்குள் சொல்லுங்கள்.