கணக்காளராக இருந்துகொண்டே வழக்கறிஞராகவும் ஆக முடியுமா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். இங்குள்ள கணக்காய்வு அலுவலகமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஏசிசிஏ எனும் கணக்காளர் தகுதித் தேர்வுகளை முடித்துவிட்டேன். அடுத்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிச் சட்டப் பட்டத்தைப் படிக்க எண்ணுகிறேன். இரு தொழில்களையும் சேர்த்துச் செய்ய இயலுமா?

பதில் 1:
தம்பி, படிக்கத் தடையில்லை. தொழில் செய்வதில்தான் சிக்கல். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி, வழக்கறிஞர் அல்லாத வேறொரு பொறுப்பில் பிறரிடம் ஊதியத்துக்கு அமர்ந்திருப்பவர் வழக்கறிஞராகப் பணியாற்றத் தேவையான தொழில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்கு முன்பே சிஎல்பி எனும் வழக்கறிஞர் தகுதித் தேர்வும், மூத்த வழக்கறிஞரிடம் பெறும் ஒன்பது மாத சேம்பரிங் பயிற்சியும் காத்திருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் படித்தொகையை நம்பிக் கார் கடன் வாங்கிவிடாதீர்கள்.

பதில் 2:
சான்றிதழ் ஒன்றானாலும் அறிவு இரண்டும் பயன்படும். நம் பக்கத்தில் ஒருவர் செம்பனை நிலத்தை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் மலேசியக் குடிமகனாக இருந்தால், வாங்குபவரின் வழக்கறிஞர் நில விற்பனை ஆதாயத்துக்கான வரிக்காக வழக்கமாக விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து வைத்து, 60 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் செலுத்துவார். ஆனால் உண்மையான ஆதாயம் எவ்வளவு என்பதை, அப்பா மைலோ டின்னில் போட்டு வைத்த பழைய தரகு ரசீதையும் வழக்கறிஞர் கட்டண ரசீதையும் எடுத்துக் கணக்கிட்டால்தான் சொல்ல முடியும். வருமான வரி மதிப்பீட்டை எதிர்த்து 30 நாளுக்குள் கியூ படிவம் எனும் மேல்முறையீட்டுப் படிவத்தை அனுப்பும்போதும், எண்களைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரின் வாதமே எடுபடும்.

பதில் 3:
வரி வழக்கே உங்கள் நோக்கமென்றால் கோலாலம்பூருக்கு இடம்பெயர ஆயத்தமாக இருங்கள். இங்கே பெரும்பாலும் நிலத்தை வாங்குபவர் பெயருக்கு மாற்றித் தரும் வேலைதான் கிடைக்கும்.