கடைப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் மறக்க முடியாத ஒரு நாளைப் பகிருங்கள்

திண்டுக்கல் உறுப்பினர்:

ஹோட்டல் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஹோட்டல்களிலும் டீக்கடைகளிலும் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற மத்திய அரசின் உத்தரவு 2006 அக்டோபர் 10 அன்று நடைமுறைக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் கடையில் மேசை துடைத்த பையனுக்கும் என் வயதுதான். ஆனாலும் அவன் என்னைப் ‘பாப்பா’ என்றே அழைப்பான்.

உத்தரவு வருவதற்கு முந்தைய நாள், குழந்தைத் தொழிலாளர்கள் இங்கே பணியமர்த்தப்படவில்லை என்று எழுதிய பலகையை அப்பா கல்லாவுக்கு மேலே மாட்டினார். அன்று மாலை பள்ளி விட்டு வந்த நான் வழக்கம்போல் அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து பில் வாங்கிச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் புறப்பட்ட பையன் சட்டை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு அப்பாவின் எதிரே நின்றான். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை டீ மாஸ்டர் அவனுக்கு ஏற்கெனவே படித்துக் காட்டியிருந்தார்.

“பாப்பா மட்டும் இருக்கலாமா மொதலாளி?” என்று கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“அது நம்ம கடைடா” என்றார் அப்பா.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ‘எங்க கடை’ என்று அப்பா சொல்லியிருந்தால் இது எனக்கு எப்போதோ மறந்திருக்கும். அவனிடம் பேசும்போது ‘நம்ம’ என்ற சொல்தான் அவருக்கு இயல்பாக வந்தது, அவனும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டான் என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. அப்பா இன்றும் தினமும் அதே கல்லாவில் உட்காருகிறார். அவரிடம் இதைப் பற்றிக் கேட்க எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை.

விருதுநகர் உறுப்பினர்:

எங்களுடையது எண்ணெய்ப் பரோட்டாக் கடை. இரவு பதினொரு மணிக்கு மேல் கல்லை அணைத்த பிறகு மிஞ்சியிருப்பதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, நாலே நாலு பரோட்டா எங்களுக்கென்று எடுத்து மூடி வைத்திருந்த நேரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் வந்து நின்றார். அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் நாலையும் எடுத்து அவர் இலையில் வைத்துச் சால்னா ஊற்றினார். பசி தாங்காமல் நான் அழுதுவிட்டேன். விஷயம் புரிந்துகொண்ட அந்த மனிதர் தொடாமல் இருந்த இரண்டைத் தனி இலையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். என் கை அதைத் தொடுவதற்குள் அப்பா அந்த இரண்டையும் எடுத்துத் திரும்ப அவர் இலையிலேயே வைத்துவிட்டு, “வித்த சரக்கத் திருப்பி வாங்குற பழக்கம் இல்லீங்க” என்றார். அன்று அம்மா எங்களுக்கு நீராகாரம் கரைத்துக் கொடுத்தார். அந்த ஓட்டுநர் அந்த நாலையும் சாப்பிட்டு முடித்தாரா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை.

கும்பகோணம் உறுப்பினர்:

முதலில் எழுதியவரின் மனவேதனையை மதிக்கிறேன், ஆனால் இரண்டு வேறு விஷயங்களை அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளைகள் கைகொடுக்கலாம் என்று தெளிவாகவே எழுதப்பட்டது. கல்லாவில் உட்கார்ந்த மகள் மறுநாள் பள்ளிக்கூடம் போனாள், மேசை துடைத்த பையன் போகவில்லை. சட்டம் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான், இதில் உங்கள் அப்பாவிடம் குற்றம் காண எனக்கு எதுவும் தெரியவில்லை.

நானும் கடையில்தான் வளர்ந்தேன். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் நின்ற மாதங்களில், உளுந்து பாதி அரைந்திருக்கும்போது கிரைண்டர் நின்றுவிடும். நானும் அம்மாவும் கிரைண்டரில் கிடந்ததை வழித்தெடுத்து, கொல்லையில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லில் நள்ளிரவு வரை அரைப்போம். மறுநாள் தேர்வு இருந்த ஓர் இரவில் நான் குழவியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது அம்மா என் கையை விலக்காமல், என் கைக்கு மேலே தன் கையை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். இதை யாராவது குழந்தைத் தொழில் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

திண்டுக்கல் உறுப்பினர்:

சட்டம் எனக்கும் தெரியும் ஐயா, அப்பாவை நான் குற்றவாளி என்று எங்கும் எழுதவில்லை. ஊருக்குப் போன அந்தப் பையன் பள்ளியில் சேர்ந்தானா என்று அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை, நான் உட்பட. என்னை வருத்துவது அதுதான்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

அப்பா இன்னும் கல்லாவில் உட்காருகிறார் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா காலமான பிறகு அவருடைய கடன் நோட்டைப் புரட்டியபோது, ஒரு கணக்குக்கு எதிரே மட்டும் ‘கேட்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். அந்தக் கணக்குக்கு உரியவர் காரியத்துக்கு வந்து, தான் எவ்வளவு தர வேண்டும் என்று என்னிடமே கேட்டார். நோட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒன்றும் இல்லை என்றேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடை ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணோடு கட்டுண்டது, அவர் காலத்துக்குப் பிறகு வாரிசு தன் பெயரில் புதிதாகப் பதிவு எடுத்துத்தான் தொழிலைத் தொடர முடியும். கடையின் வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எங்கள் கணக்கில் அது இல்லாமல் போனதால், பணம் இருந்தும் சரக்கு மாஸ்டருக்கும் சப்ளையர்களுக்கும் அந்த மாதச் சம்பளத்தை நான் வெளியே வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். வாடகை ஒப்பந்தம், நகராட்சி உரிமம், மின் இணைப்பு, வணிக எரிவாயு இணைப்பு ஆகியவை யார் யார் பெயரில் இருக்கின்றன என்பதை ஒரே தாளில் எழுதி வையுங்கள். எங்கள் எரிவாயு இணைப்பு தாத்தாவின் பெயரிலேயே இருந்தது என்பது அப்பா போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா உடல்நலத்தோடு இருக்கும்போதே உங்களையும் சேர்த்துக் கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்ய முடியுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். இந்தப் பேச்சை எடுத்தால் அப்பா மனம் வருந்துவாரோ என்று நான் ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். நீங்கள் தள்ளிப்போட வேண்டாம்.

உசிலம்பட்டி உறுப்பினர்:

நான் கடைக்காரர் பிள்ளை இல்லை. பத்து வயதிலிருந்து மதுரையில் ஒரு குடும்பம் நடத்திய ஹோட்டலில் மேசை துடைத்தவன், அங்கேயே தூங்கி அங்கேயே வளர்ந்தவன். கும்பகோணத்து நண்பர் சட்டத்தைச் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த உத்தரவு வந்து என்னை ஊருக்கு அனுப்பியபோது என் அப்பா முதலாளியிடம் வாங்கியிருந்த முன்பணம் தீரவில்லை. அதைக் கட்டுவதற்காக, பள்ளிக்கு அனுப்பாமல் மகாராஷ்டிராவில் ஒரு முறுக்குக் கம்பெனிக்கு என்னை அனுப்பினார்கள், அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

என் முதலாளியும் ‘நம்ம கடை’ என்றுதான் சொல்வார். ஊரில் யார் கேட்டாலும் நானும் நம்ம கடை என்றே சொல்வேன். அது பொய் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. முதலாளியின் மகள் மாலையில் சுவரோரத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் எதிர்ப்பக்கம் நின்று, அவளுடைய நோட்டு நனையாமல் அதைச் சுற்றித் துடைப்பேன். எழுத்துகளை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், எல்லாம் தலைகீழாக. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒருநாள் நான் துணியோடு பக்கத்தில் போனதும் அவள் எதுவும் பேசாமல் நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். நேராகப் பார்த்தபோது ஓர் எழுத்துகூட எனக்குப் புரியவில்லை.