டிக் வயது 0.1 வினாடி என்று லாக் சொல்கிறது, விலையோ 40 வினாடி பழசு. எங்கே தப்பு?

கேள்வி:
நிஃப்டி வார ஆப்ஷனுக்கு ஒரு பைத்தான் பாட். ப்ரோக்கரின் வெப்சாக்கெட்டில் 120 ஸ்ட்ரைக்கும் (ஆப்ஷனின் ஒப்பந்த விலை) ஸ்பாட்டும் (நிஃப்டியின் நடப்பு மதிப்பு) வருகின்றன. கால்பேக் டிக்கை (வந்து விழும் ஒவ்வொரு விலைத் தகவலையும்) க்யூவில் போடும். வொர்க்கர் த்ரெட் அதை எடுத்து, நேரம் குறித்து, எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதி, சிக்னல் கணக்குப் போடும். ஆர்டர் அனுப்பும் முன் அந்த நேரத்தைப் பார்த்து 3 வினாடிக்கு மேல் என்றால் நிறுத்திவிடும்.

9:21க்கு 112.40 என்ற விலையை வைத்து வாங்கும் சிக்னல். சார்ட்டில் அந்த நிமிடம் விலை 131. லாக்கில் டிக் வயது 0.1. 11 மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடுகிறது. கனெக்‌ஷன் அறுந்ததாக லாக்கில் எதுவும் இல்லை.

பதில் 1:
நேரம் குறிக்கிற இடம்தான் தப்பு. க்யூவிலிருந்து எடுத்த பிறகு குறிக்கிறீர்கள். டிக் க்யூவில் 40 வினாடி காத்திருந்தாலும், எடுத்த நொடியில் அதன் வயது பூஜ்யம். நீங்கள் அளப்பது டிக்கின் வயதை அல்ல, வொர்க்கரின் வேகத்தை.

காலையில் மட்டும் வருவதற்குக் காரணம் எஸ்க்யூலைட். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கமிட் என்றால் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எழுதி முடியும் வரை வொர்க்கர் நிற்கும். 9:15க்குப் பின் வரும் வெள்ளத்துக்கு அது ஈடுகொடுக்காது. கூட்டம் குறைந்ததும் பாக்கி தீர்ந்து, பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். க்யூவின் நீளத்தை வினாடிக்கு ஒரு முறை லாக் செய்யுங்கள், கண்ணால் பார்க்கலாம்.

முதலில் டேட்டாபேஸ் எழுத்தைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளுங்கள், 500 வரிக்கோ ஒரு வினாடிக்கோ ஒரே கமிட். சிக்னலுக்கு க்யூவே வேண்டாம். ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் கடைசி டிக் மட்டும் இருக்கிற டிக்‌ஷனரி போதும், புதியது வந்தால் பழையதன் மேல் எழுதட்டும். ஆனால் கேண்டிலின் ஹை, லோ கட்டுவதற்கு இது ஆகாது, அங்கே எல்லா டிக்கும் வேண்டும். அடுத்து, டிக்கோடு வரும் எக்ஸ்சேஞ்ச் நேரத்தை வைத்து வயதைக் கணக்கிடுங்கள், அதுவும் ஆர்டர் அனுப்புவதற்கு முந்தைய வரியில். அந்த நேரம் பெரும்பாலும் முழு வினாடியில்தான் வரும். அதனால் 1 வினாடி வரம்பு வைத்தால் நல்ல டிக்கும் சீட்டுக் குலுக்கின மாதிரி விழும். ஏடிஎம் (ஸ்பாட்டை ஒட்டிய ஸ்ட்ரைக்) பக்கம் 3 வினாடியில் தொடங்கி, ஒரு வார லாக்கைப் பார்த்து இறுக்குங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கில் இரண்டு நேரங்கள் இருக்கும்: கடைசி வர்த்தகம் நடந்த நேரம், எக்ஸ்சேஞ்ச் அந்தப் பாக்கெட்டை வெளியிட்ட நேரம். தூரத்து ஓடிஎம் ஸ்ட்ரைக்கில் (ஸ்பாட்டிலிருந்து வெகுவாக விலகியது) பல நிமிடம் வர்த்தகமே இருக்காது, ஆனால் பிட்-ஆஸ்க் (வாங்க, விற்கக் கேட்கும் விலைகள்) மாறிக்கொண்டே இருக்கும். அங்கே பாக்கெட் புதிது, எல்டிபி (கடைசி வர்த்தக விலை) மட்டும் பழசு. எல்டிபியை நம்பும் சிக்னல் என்றால் வர்த்தக நேரத்தையும் சோதியுங்கள். இல்லாவிட்டால் பிட்-ஆஸ்க் நடுவிலையை எடுங்கள், இடைவெளி அகலமாக இருந்தால் அந்த ஸ்ட்ரைக்கை விட்டுவிடுங்கள்.

ஐவி (ஆப்ஷன் விலையிலும் ஸ்பாட்டிலும் இருந்து கணிக்கும் ஏற்ற இறக்க அளவு) கணக்கிடுகிறீர்கள் என்றால் ஸ்பாட், ஆப்ஷன் இரண்டின் நேர வித்தியாசத்துக்கும் தனி வரம்பு தேவை. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இயில் இண்டெக்ஸ் மதிப்புகள் காலையிலேயே நின்றன, வர்த்தகத்தை நிறுத்தியது 11:40க்கு. இடைப்பட்ட நேரத்தில் ஆப்ஷன் டிக் வந்துகொண்டிருந்தது. ‘கடைசியாக ஏதாவது டிக் எப்போது வந்தது’ என்று மொத்தமாகப் பார்க்கும் பாட் அன்றைக்கு எதையும் கண்டுபிடித்திருக்காது. இன்னொன்று, அன்று மாலை 3:45 முதல் 5 மணி வரை சந்தை நடந்தது. சந்தை முடியும் நேரம் 3:30 என்று கோடில் பொறித்து வைத்தவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எக்ஸ்சேஞ்ச் நேரத்துக்கு மாற்றினேன். இப்போது கிளவுட் சர்வரில் வயது −19798 என்று வருகிறது! சோதனையும் எல்லாவற்றையும் பாஸ் செய்கிறது.

பதில் 1:
19800 வினாடி என்பது ஐந்தரை மணி நேரம். இந்திய நேரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டது சர்வர். உண்மையான வயது 2 வினாடி. டைம்சோன் ஒட்டாத டேட்டைமை எங்கேயும் விடாதீர்கள், உள்ளே நுழையும் இடத்திலேயே ஆசியா/கொல்கத்தா என்று ஒட்டிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் நிபந்தனையில் இருக்கிறது. ‘வயது 3ஐத் தாண்டினால் நிறுத்து’ என்று எழுதினால் மைனஸ் எண் தப்பிவிடும். நேரம் காலியாக வந்து NaN (‘எண் அல்ல’ என்ற மதிப்பு) ஆகிவிட்டால் அதுவும் தப்பிவிடும், ஏனென்றால் NaN-ஓடு செய்யும் எந்தப் பெரிது-சிறிது ஒப்பீடும் பொய் என்றே முடியும். திருப்பி எழுதுங்கள்: வயது −1க்கும் 3க்கும் நடுவில் இருந்தால் மட்டும் விடு, மற்ற எதுவானாலும் மறு. −1 எதற்கென்றால், சர்வர் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கினால் நல்ல டிக்கும் மைனஸ் காட்டும். குரோனி (கடிகாரத்தைச் சரிப்படுத்தும் நிரல்) ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது. டேட்டா பழசு என்று தெரிந்தால் கையில் இருக்கும் பொசிஷனை என்ன செய்வது? மார்க்கெட் ஆர்டர் போட்டு வெளியேறலாமா?

பதில் 3:
கண்ணைக் கட்டிக்கொண்டு மார்க்கெட் ஆர்டர் வேண்டாம். புதிய என்ட்ரியை மட்டும் உடனே நிறுத்துங்கள், எக்ஸிட் வழி எப்போதும் திறந்திருக்கட்டும். ஸ்டாப்லாஸ் பாட்டின் தலைக்குள் இருக்கக் கூடாது, என்ட்ரி ஆனதுமே எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார வேண்டும். என்எஸ்இ ஆப்ஷனில் 2021 செப்டம்பரிலிருந்து எஸ்எல்-எம் (ட்ரிகர் ஆனதும் மார்க்கெட் ஆர்டராகும் ஸ்டாப்லாஸ்) கிடையாது, எஸ்எல்-லிமிட்தான். ட்ரிகர் 80 என்றால் லிமிட் 79.50 என்று ஒட்டி வைக்காதீர்கள், விலை தாவிப் போனால் ஆர்டர் அங்கேயே தொங்கும். 74, 75 என்று இடம் விடுங்கள்.

ரெஸ்ட் ஏபிஐயில் விலை கேட்டுச் சரிபார்க்கலாம், ஆனால் அதுவும் ப்ரோக்கரின் அதே தற்காலிகச் சேமிப்பிலிருந்து (cache) வரலாம். அதன் நேரத்தையும் அதே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

மீண்டும் இணைந்ததும் வரும் முதல் பாக்கெட் கடைசி நிலவரத்தின் படம்தான், அதை வைத்து சிக்னல் எடுக்காதீர்கள். விடுபட்ட நிமிடக் கேண்டில்களை ஹிஸ்டாரிகல் ஏபிஐயில் வாங்கி நிரப்புங்கள். பழைய குளோஸையே திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பினால் ஏடிஆர் (சராசரி விலை வீச்சு) சுருங்கும். ஏடிஆரை வைத்து லாட் எண்ணிக்கை முடிவு செய்யும் பாட், தகவல் இல்லாத நேரத்தில்தான் அதிக லாட் வாங்கும். ஸ்பாட்டும் தேவையான ஸ்ட்ரைக்கும் 30 வினாடி தொடர்ந்து வரம்புக்குள் இருந்த பிறகு என்ட்ரியைத் திறக்கலாம்.

பதில் 1:
லைவில் விடும் முன் இரண்டு சோதனை, ஒரே ஒரு லாட் பேப்பர் ஆர்டரோடு. ஐபிடேபிள்ஸில் ப்ரோக்கர் ஐபியை ட்ராப் செய்யுங்கள். ரிஜெக்ட் போட்டால் சாக்கெட் உடனே பிழை காட்டிவிடலாம். ட்ராப்பில்தான் அது திறந்திருக்கிற மாதிரியே நடிக்கும். ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்டும் செய்தி) 5 வினாடி வராவிட்டால் நீங்களே மூடி மீண்டும் இணைக்கிறீர்களா என்று இதில் தெரியும்.

அடுத்து, ப்ராசஸுக்கு கில் ஸ்டாப் சிக்னல் கொடுத்து 30 வினாடி உறைய வைத்து, கன்ட் (தொடரச் சொல்லும் CONT சிக்னல்) கொடுத்து எழுப்புங்கள். கெர்னல் பஃபரில் தேங்கிய டிக்கெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். வந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் எல்லாம் புதுசு. எக்ஸ்சேஞ்ச் நேரத்தை வைத்துப் பார்த்தால் 30 வினாடி வரை பழசு. லாக்கில் ‘மறு’ என்ற வரிகள் வரிசையாக விழ வேண்டும். பழைய டிக்கில் ஒரு ஆர்டர் தப்பினாலும், வயதைக் குறிக்கும் இடம் இன்னும் எங்கோ தப்பாக இருக்கிறது. அந்த லாக்கை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.